பெரிய நீல டுராக்கோவைப் பார்ப்பது எப்படி: முதலில் அத்திமரத்தைத் தேடுங்கள்

உகாண்டாவுக்கு வரும் நண்பர்கள் என்னிடம் விசாரிக்கும் பறவைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று ஷூபில். மபாம்பா சதுப்பில் ஒரு படகும் படகோட்டியும் கொஞ்சம் பணமும் இருந்தால் அந்த வேலை முடிந்தது. இன்னொன்று பெரிய நீல டுராக்கோ. இதற்குச் செலவு குறைவு. ஆனால் ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். வருகிறவர்களில் பலருக்கு அதுதான் வருவதில்லை. காட்டுப்பாதையில் விறுவிறுவென்று நடப்பார்கள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள், "ஒன்றையும் காணோமே" என்று திரும்பி வருவார்கள். அவர்கள் தாண்டிப் போன மரத்திலேயே ஐந்தாறு பறவைகள் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்திருக்கும்.

நான் கம்பாலாவில் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறவன். பறவை பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆராய்ச்சியாளன் இல்லை என்பதால் லத்தீன் பெயர்களை வைத்து உங்களைப் படுத்த மாட்டேன். கூட வந்தவர்களுக்கு இந்தப் பறவையைக் காட்டிக் காட்டி எனக்குப் பிடிபட்ட வழி ஒன்று இருக்கிறது. பறவையைத் தேடக் கூடாது. அது சாப்பிட வரும் மரத்தைத் தேட வேண்டும். மரம் கிடைத்துவிட்டால் மீதியைப் பறவையே பார்த்துக்கொள்ளும்.

முதலில் ஆளை அடையாளம் தெரியட்டும்

டுராக்கோ குடும்பம் ஆப்பிரிக்காவுக்கு வெளியே எங்கும் கிடையாது. சஹாராவுக்குத் தெற்கே மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் உருவத்தில் பெரியது இதுதான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 70 முதல் 76 செ.மீ., எடை ஏறத்தாழ ஒரு கிலோ. முதுகும் இறக்கையும் வாலும் பச்சை கலந்த நீலம். மார்புக்குக் கீழே மஞ்சள் கலந்த பச்சை, அதற்கும் கீழே செங்காவி. மஞ்சள் அலகு, அதன் நுனியில் சிவப்பு. தலையில் கருநீலத்தில் சீப்பை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு கொண்டை. வால் நீளமானது, அகலமானது. அதன் முனைக்குச் சற்று மேலே ஒரு கறுப்புப் பட்டை.

இவ்வளவு வண்ணத்தையும் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள், காட்டில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். தெரியாது. உச்சிக் கிளையில், வெளுத்த வானத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது வெறும் கறுப்பு நிழல். அதனால் நிறத்தைவிட உருவத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: சின்னத் தலை, நிமிர்ந்த கொண்டை, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட வால். பறக்கும்போது குட்டையான, வட்டமான இறக்கை. நாலு தட்டு தட்டிவிட்டு, மீதி தூரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும்.

குழப்பக்கூடிய பறவைகள் மூன்று. நகர்ப்புறத் தோட்டங்களில் அதிகம் கத்துவது கிழக்கத்திய வாழைதின்னி. சாம்பல் நிறம், மஞ்சள் அலகு, பைத்தியம் பிடித்ததுபோல் ஒரு சிரிப்பு. புதிதாக வருகிறவர்கள் இதன் குரலைக் கேட்டுத்தான் முதலில் ஓடுவார்கள். இரண்டாவது ராஸ் டுராக்கோ. ஊதா உடம்பு, மஞ்சள் முகம், சிவப்புக் கொண்டை. இறக்கையை விரித்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு டுராசின் என்ற நிறமி, அதில் தாமிரம் கலந்திருக்கிறது. பெரிய நீல டுராக்கோவின் இறக்கையில் அந்தச் சிவப்பு இருக்காது. ஆகவே பறக்கும்போது சிவப்பு மின்னினால் அது நீங்கள் தேடி வந்த பறவை இல்லை, ஆனால் அதுவும் நல்ல பறவைதான், கோபித்துக்கொள்ளாமல் பாருங்கள். மூன்றாவது கறுப்பு வெள்ளை இருவாச்சி. அதன் இறக்கைச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். தலைக்கு மேல் புஸ் புஸ் என்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

எங்கே போகலாம்

மேற்கே கினி-பிசாவு தொடங்கி, நைஜீரியா, கேமரூன், காங்கோப் படுகை வழியாகக் கிழக்கே உகாண்டா, மேற்குக் கென்யாவரை இந்தப் பறவை பரவியிருக்கிறது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமும் இல்லை. ஆனால் மேற்கிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் வேட்டையாடுகிறார்கள். மனிதரைக் கண்டால் பதுங்கும் பறவையைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட, மனிதர் நடமாட்டத்துக்குப் பழகிய பறவையைப் பார்க்க வருவது நல்லது. அதற்கு உகாண்டாவை விட்டால் எனக்கு வேறு இடம் சொல்லத் தோன்றவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

நேரம் இல்லாதவர்களுக்கு எண்டெபி தாவரவியல் பூங்கா. 1898-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் தொடங்கப்பட்டது, விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. சர்வதேச விமான நிலையமும் எண்டெபியில்தான் என்பதால் விமானம் இறங்கிய மறுநாள் காலையோ, ஊருக்குக் கிளம்பும் நாள் காலையோ போய்விடலாம். பூங்காவில் பழைய காட்டின் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. அத்தியும் பனையும் கொடிகளுமாக அடர்ந்து கிடக்கும். வெள்ளை மயிர் தொங்கும் கொலபஸ் குரங்குகளும் இங்கே உண்டு. இந்த இடத்தின் முக்கியமான வசதி சரிவு. தரை மேலிருந்து ஏரியை நோக்கி இறங்குகிறது. மேட்டில் நின்றால் கீழே இருக்கும் மரங்களின் உச்சி உங்கள் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் வரும். பறவையின் நிறத்தைப் பார்க்க இதுதான் தேவை. கீழே நின்று வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீலம் எங்கே தெரியப்போகிறது?

வாசலில் நுழைவுக் கட்டணத்தை ஷில்லிங்கில் வாங்குவார்கள். தொகை மாறிக்கொண்டே இருக்கும், நான் சொல்லி நீங்கள் அங்கே வாதாட வேண்டாம். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் குடும்பங்கள், பாட்டு, கல்யாணப் படப்பிடிப்பு என்று களைகட்டிவிடும். பறவைகள் ஒன்றும் போய்விடாது, ஆனால் அவற்றின் குரல் நமக்குக் கேட்காது.

இரண்டு நாளாவது கையில் இருந்தால் பிகோடிக்குப் போங்கள். கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் சுமார் 300 கி.மீ. அங்கிருந்து கிபாலே தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போகும் சாலையில், பூங்காவைத் தாண்டியதும் பிகோடி கிராமம். அங்கே மகோம்பே என்ற சதுப்பைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. ஒருபக்கம் பப்பைரஸ் கோரை, இன்னொரு பக்கம் ஊர்க்காரர்களின் வாழை, காபி, மக்காச்சோளம். இடையிடையே பழைய காட்டு மரங்கள். 1992-இல் ஊர்க்காரர்கள் தாங்களே தொடங்கிய அமைப்பு இதை நடத்துகிறது. வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள், வருமானம் பள்ளிக்கூடம் போன்ற ஊர்க்காரியங்களுக்குப் போகிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். அந்தப் பாதையை நாள்தோறும் நடக்கிறவருக்கு எந்த மரத்தில் என்ன காய்த்திருக்கிறது என்பது அத்துப்படி. நீங்கள் கொடுக்கும் கட்டணத்தின் மதிப்பே அந்த அறிவுதான்.

கிபாலே காட்டுக்குள்ளேயும் இந்தப் பறவை உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் சிம்பன்ஸி பார்க்கப் போகிறார்கள். வழிகாட்டியின் கவனமும் உங்கள் கவனமும் அதிலேயே இருக்கும். அடர்ந்த காட்டுக்குள் நின்று உச்சியைப் பார்ப்பதும் கஷ்டம். டுராக்கோவுக்குக் காட்டின் ஓரம்தான் சரி. காடு முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் மரத்தின் பக்கவாட்டு முழுக்கத் தெரியும்.

ருவாண்டாவில் நியுங்வே. 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான மலைக்காடு. உவின்கா என்ற இடத்தில் மர உச்சிகளுக்கு மேலே கம்பிப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கலாம் என்பதால் டுராக்கோ வழுக்கிப் பறப்பதை முதுகுப்பக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு அங்கே உண்டு. பாலம் ஆடும், கூட்டமாக நடத்திக் கூட்டிப்போவார்கள், நின்று நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் பாலத்தை மட்டும் நம்பாமல், காட்டை வெட்டிக்கொண்டு போகும் சாலையோரத்திலும் நேரம் ஒதுக்குங்கள்.

கென்யாவில் என்றால் ககமேகா. காங்கோ வகை மழைக்காட்டின் கிழக்குக் கோடி அது. தெற்கே இசெசெனோ பகுதி வனத்துறையின் கையில், வடக்கே புயாங்கு பகுதி வனவிலங்குத் துறையின் கையில். இரண்டுக்கும் கட்டணமும் விதிகளும் வேறு வேறு. ஒன்றில் வாங்கிய சீட்டை மற்றதில் காட்டிப் பயனில்லை.

மரத்தைக் கண்டுபிடிப்பது

வழிகாட்டியிடம் "டுராக்கோ எங்கே?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டின் பக்கம் பொதுவாகக் காட்டுவார். "இப்போது எந்த அத்தி பழுத்திருக்கிறது?" என்று கேளுங்கள். முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். இவர் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டு, நேராக ஒரு மரத்துக்குக் கூட்டிப்போவார்.

அத்திக்கு ஊர் முழுவதற்குமான பருவம் கிடையாது. ஒரு மரம் இன்றைக்குக் குலுங்கக் காய்த்திருக்கும். பக்கத்து மரம் மொட்டையாக நிற்கும். அதற்கு அடுத்தது இரண்டு மாதம் கழித்துப் பழுக்கும். காட்டில் வேறு பழம் இல்லாத நாட்களிலும் எங்காவது ஓர் அத்தி பழுத்திருக்கும் என்பதால்தான் பழந்தின்னிகள் எல்லாம் அதையே நம்பியிருக்கின்றன. ஆகவே போன ஆண்டு யாரோ ஜூலையில் பார்த்த மரத்துக்கு நீங்களும் ஜூலையில் போனால் பறவை இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வாரத்துத் தகவல்தான் தகவல்.

கம்பாலாவைச் சுற்றியுள்ள புகண்டாப் பகுதியில் முதுபா என்று சொல்லும் அத்தி நிறைய. அதன் பட்டையை உரித்து, அடித்து, துணியாக்குவது இங்கே பழைய கைத்தொழில். வேலி ஓரத்தில், வீட்டுக்கொல்லையில் எல்லாம் நிற்கும். பழம் சின்னது, சுண்டுவிரல் நுனி அளவு. முசிசி என்ற உயரமான மரத்தின் கறுத்த பழத்துக்கு இருவாச்சிகள் கூட்டமாக வரும், டுராக்கோவும் வரும். குடை மாதிரி இலை விரித்து, காடு அழிந்த இடத்தில் முதலில் முளைக்கும் முசாங்கா மரத்தின் பழமும் இதற்குப் பிடிக்கும். பழம் மட்டுமே தின்னும் என்றும் நினைக்க வேண்டாம். தளிர், இலை, பூ எல்லாம் சாப்பிடும். பழம் குறைந்த காலத்தில் இலை நிறையவே தின்னும். கிளை நுனியில் தொங்கிக்கொண்டு தளிரைக் கிழிப்பதைப் பார்த்து, "இது ஏன் பழம் தின்னவில்லை?" என்று வழிகாட்டியைக் கேட்காதீர்கள்.

வழிகாட்டி இல்லாத இடத்தில், எண்டெபி பூங்காவில் தனியாகச் சுற்றுகிறீர்கள் என்றால், முதலில் தரையைப் பாருங்கள். மேலே அண்ணாந்து பார்ப்பதைவிட இது சீக்கிரம். மரத்தடியில் பழம் உதிர்ந்து நசுங்கிக் கிடக்கிறதா, புளித்த வாசனை வருகிறதா, ஈ மொய்க்கிறதா? கடித்துத் துப்பிய பழம் நிறையக் கிடந்தால் அது குரங்கும் வௌவாலும் செய்த வேலை. டுராக்கோ பெரும்பாலும் பழத்தை முழுசாக விழுங்கிவிடும்; தோல் கடிபட்டுக் கிடக்காது. விதை நிறைந்த எச்சம்தான் இலைகளின் மேல் சிதறியிருக்கும். அப்புறம் காது. பச்சைப்புறா, குக்குறுவான், மைனா வகைகள் ஒரே மரத்தில் கசகசவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். பெரிய பறவை இன்னும் வரவில்லை என்றாலும் அந்த மரத்தை விட்டு நகராதீர்கள்.

எப்போது, எங்கே உட்காருவது

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் உதிக்கும், காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில். அந்த நேரத்திலேயே குரல் கேட்கத் தொடங்கிவிடும். இரண்டு விதமாகக் கூப்பிடும். ஒன்று தொண்டைக்குள்ளிருந்து வரும் கனமான "கொக்... கொக்... கொக்". இன்னொன்று நாக்கை உருட்டுகிற மாதிரி "ப்ர்ர்ரூ". ஒன்று தொடங்கினால் கூட்டத்தில் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். சில சமயம் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்துக் கூட்டமும் பதில் சொல்லும். இந்த அலப்பறையில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தத் திசையில் ஓட வேண்டாம். உங்கள் மரம் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காலை பத்துமணிவரை நன்றாகச் சாப்பிடும். அப்புறம் வெயில் ஏறியதும் இலைக்குள் அடங்கிவிடும். நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்பும். மதியம் பார்க்க முடியாது என்று இல்லை, ஆனால் மதிய நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பது புத்திசாலித்தனம். இரவு மழை பெய்து விட்ட காலைதான் எனக்குப் பிடித்த காலை. நனைந்த பறவைகள் வெயில் படும் வெளிக்கிளைக்கு வந்து, இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் உகாண்டாவில் மழை அதிகம். பாதை சேறாகும் என்பதால் பலர் இந்த மாதங்களைத் தவிர்க்கிறார்கள். டுராக்கோவுக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் தவிர்க்க வேண்டியதில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டால் போதும்.

மரத்தடியில் உட்காரக் கூடாது. முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, முடிந்தால் மேட்டுப்பக்கம், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். முழு மரமும் பார்வைக்குள் வர வேண்டும். அப்புறம் பைனாகுலரை மடியில் வைத்துவிடுங்கள். என் மனைவிக்குப் பறவை மேல் அப்படியொன்றும் பைத்தியம் இல்லை. பிளாஸ்க்கில் டீ இருக்கிறதே என்றுதான் வருவாள். ஆனால் டுராக்கோவை முதலில் பார்ப்பது எப்போதும் அவள்தான். காரணம், நாங்கள் எல்லோரும் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஒரு கிளையைத் துழாவிக்கொண்டிருப்போம். அவள் வெறுங்கண்ணால் மொத்த மரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். இவ்வளவு பெரிய பறவை அசைந்தால் கிளையே அசையும். கண்ணுக்குத் தெரிவது அந்த அசைவுதான். அசைவைப் பிடித்த பிறகு பைனாகுலரை எடுத்தால் போதும். 8×42 அளவு இதற்குத் தாராளம்.

அது நடமாடும் விதம்

இதைப் புரிந்துகொண்டால் மற்றவர்கள் பார்க்காததை நீங்கள் பார்ப்பீர்கள். டுராக்கோ பறப்பதில் கெட்டிக்காரப் பறவை இல்லை. அதன் திறமை காலில் இருக்கிறது. வெளிவிரலை முன்னும் பின்னும் திருப்ப முடியும் என்பதால் கிளையில் அணில் போல ஓடும், தாவும், ஏறும். மரத்தின் நடுவில் வந்து இறங்கி, கிளைக்குக் கிளை தாவி உச்சிக்குப் போய், அங்கிருந்து காற்றில் சறுக்கி அடுத்த மரத்தின் நடுப்பகுதியில் இறங்கும். மறுபடி ஏறும். ஒவ்வொரு மரத்திலும் இதே கதைதான்.

அதனால் அது இறங்கிய இடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் அங்கே இருக்காது. இறங்கிய இடத்திலிருந்து கண்ணை மெதுவாக மேல்நோக்கி நகர்த்துங்கள். உச்சிக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கிளை எது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் அதிலிருந்துதான் அடுத்த பாய்ச்சல்.

இன்னொன்று, கூட்டமாக வாழ்ந்தாலும் கூட்டமாகப் பறக்காது. ஒன்று போகும், கொஞ்சம் இடைவெளி, அடுத்தது போகும், பிறகு இன்னொன்று. கூட்டத்தில் ஆறேழு இருக்கும், சில சமயம் அதற்கும் மேல். ஒன்று பறந்துவிட்டது என்று எழுந்து பின்னால் ஓடினால், மீதி இருப்பவற்றைக் கலைத்துவிடுவீர்கள். அப்படியே உட்கார்ந்திருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக அதே கிளையிலிருந்து, அதே பாதையில் பாய்வதைப் பார்க்கலாம்.

படம் எடுக்கிறவர்களுக்கு

மேலே சொன்னதில்தான் பாதிப் பாடமும் இருக்கிறது. முதல் பறவையைப் படம் எடுக்க முயலாதீர்கள், அதை வழியனுப்பி வையுங்கள். அது எந்தக் கிளை நுனியிலிருந்து பாய்ந்தது என்று பார்த்து, அந்த நுனியில் ஃபோகஸை நிறுத்திக் காத்திருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அங்கேயே வந்து, ஒரு கணம் நின்று, வாலை ஒருமுறை தூக்கி, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாயும். அந்த ஒரு கணம் போதும்.

400 மி.மீ. லென்ஸ் இருந்தால் வசதி. 300-உம் எண்டெபியில் போதும். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/1600-க்குக் குறைய வேண்டாம். உட்கார்ந்து தின்னும்போது 1/400 போதும். காட்டோரத்து வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் குருணை தெரிந்தால் குடிமுழுகிப் போகாது, அசைந்த படத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. வானம் பின்னணியாக இருந்தால் எக்ஸ்போஷரை ஒன்று அல்லது ஒன்றேகால் படி கூட்டுங்கள். இல்லையென்றால் நீலமும் வராது, செங்காவியும் வராது, கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும். பச்சை மரமே பின்னணி என்றால் கூட்டத் தேவையில்லை. நடுப்பகல் வெயிலில் இறகு கண்ணாடி மாதிரி மின்னி நிறத்தைத் தின்றுவிடும்; மேகம் மூடிய காலையில்தான் அந்த நீலம் அப்படியே வரும்.

ட்ரோன் கொண்டு வராதீர்கள். இந்த மூன்று நாடுகளிலும் அதற்கு முன்அனுமதி வேண்டும். அனுமதியே கிடைத்தாலும் ட்ரோன் சத்தத்தில் பறவை போய்விடும்.

செய்யக் கூடாதவை சில

செல்போனில் அதன் குரலை ஓடவிட்டு வரவழைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சில வழிகாட்டிகளே தாங்களாக முன்வந்து செய்வார்கள், டிப்ஸ் கூடுதலாகக் கிடைக்கும் என்று. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் எல்லை வைத்திருக்கும் பறவை இது. யாரோ அந்நியர் வந்துவிட்டதாக நினைத்து, சாப்பாட்டை விட்டுவிட்டு எல்லையைக் காக்க வந்து நிற்கும். நமக்கு ஒரு படத்துக்காக அதன் காலைச் சாப்பாடு போக வேண்டுமா?

கூடு கட்டும் காலத்தில் இன்னும் கவனம். சுள்ளிகளை அடுக்கிய தட்டையான மேடைதான் கூடு, பல சமயம் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒரு மாதம்போல அடைகாக்கும். வயிற்றிலிருந்து கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். இலைகளுக்கு நடுவே ஒரு பறவை அசையாமல், சத்தமில்லாமல், வெகுநேரம் ஒரே இடத்தில் இருக்கிறது என்றால் கூடு இருக்கலாம். அங்கிருந்து தள்ளிப்போய்விடுங்கள். படத்தை இணையத்தில் போட்டாலும் இடத்தைப் போடாதீர்கள்.

சந்தையில் நீல இறகு விற்றால் வாங்க வேண்டாம். உதிர்ந்த இறகைப் பொறுக்கினேன் என்று விற்கிறவர் சத்தியம் செய்வார். விமான நிலையத்தில் அந்தச் சத்தியம் செல்லாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

உடையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். பறவை பார்க்கப் போகிறோம் என்று ராணுவப் பாணி பச்சைப் புள்ளி உடை, அதே மாதிரித் தொப்பி, பை எதையும் உகாண்டாவுக்குக் கொண்டு வராதீர்கள். இங்கே அது ராணுவத்துக்கு மட்டும் உரியது, பொதுமக்கள் அணியத் தடை இருக்கிறது. சாதாரண மண்நிறச் சட்டை போதும். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். காட்டுப்பாதையில் சியாஃபு எறும்பு வரிசையாகப் போகும். நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் சமயம்தான் அது காலில் ஏறும். அதன் கடியை விவரிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் வர முடியாது. ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றையும் ஒரே பயணத்தில் பார்ப்பதாக இருந்தால் 100 அமெரிக்க டாலருக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது, 90 நாள் செல்லும். முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். ருவாண்டாவிலும் கென்யாவிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. லென்ஸை மழைக்கு மூட வைத்திருக்கும் கவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துணிப் பையோ, ரெயின்கோட் துணியில் தைத்த உறையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியின் வாட்ஸப் எண்ணைத் தங்கும் விடுதியில் கேட்டால் கொடுப்பார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று ஒரு வரி அனுப்புங்கள். பிகோடியில் பழம் இருக்கிறது என்று பதில் வந்தால் முதலில் அங்கே போங்கள், எண்டெபியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். இல்லை என்று வந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்; அதற்குள் அங்கே ஒரு மரமாவது பழுத்துவிடும்.